நடுவில் ஒன்றுமில்லாத சொல்

கூரை ஒழுக்குக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது.

மாரிகாலம். எங்கள் உப தபாற் கந்தோரின் கூரையில் ஒழுகாத இடம் முத்திரைப் பெட்டி இருந்த மூலை ஒன்றுதான். அந்த மூலையை முத்திரைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வாளியும் சட்டியுமாக நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். திருத்தித் தரும்படி மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோய், கடைசியில் மழையோடு சமாதானமாகிவிட்டேன்.

கிளிநொச்சிக் கந்தோரிலிருந்து அழைப்பு. மழை நாளில் லைன் இரைந்து இரைந்து காதைத் தின்னும். அன்று என்னவோ பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவு. தந்தி ஒன்று இருக்கிறது, எழுதுங்கோ அக்கா என்றார் ஒப்பரேற்றர். எழுதினேன்.

பெறுபவர் பெயர் ராமையா. பிறகு நாலு ஆங்கிலச் சொற்கள். மதர். சீரியஸ். ஸ்டார்ட். இம்மீடியட்லி. கீழே அனுப்பியவர் பெயர், மாணிக்கம்.

மாணிக்கம் ராமையாவின் தம்பி. மலைநாட்டில் தாயோடு இருந்தவர். அவருடைய கடிதங்களுக்குச் சீல் குத்திக் குத்தி எனக்கு அவருடைய கையெழுத்துக்கூடப் பழக்கம்.

நான் பேனையை வைத்துவிட்டு, "ஐயோ, அந்த மனுசி போட்டுதே" என்றேன். வாய்விட்டே சொன்னேன். கேட்க வாளிகள் மட்டும்தான் இருந்தன.

தந்தியில் இருந்தது, ‘தாய்க்குக் கடுமை, உடனே புறப்படு’ என்பதுதான். நான் அதைச் சாவாக வாசித்தேன். ஏன் அப்படி வாசித்தேன் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சென்ற வாரம் இந்தக் கூரையைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், அந்தக் கந்தோருக்கு வந்த தந்திகளில் ஒன்றையாவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். சிரிப்பான ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார். எனக்கு நினைவில் நிற்பது இதுதான், நான் என்ன செய்ய?

சாவு என்று எழுதாத ஊர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், இறந்தார் என்று தந்தி அடிக்கிற வழக்கம் கிடையாது. சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள். சாவைக் கடதாசியில் எழுதி ஒரு வீட்டுக்குள் அனுப்பக் கூடாது என்பது ஒரு எண்ணம். தந்தியைக் கையில் வாங்குகிற பிள்ளை இடிந்துபோய் விழுந்துவிட்டால் பஸ் ஏற்றிவிட யார் இருக்கிறார்கள் என்பது இன்னொரு எண்ணம். பிள்ளை வந்து சேரட்டும், வாசற்படலையில் வைத்து ஒரு மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு வாயால் சொல்லட்டும் என்று விடுவார்கள்.

இரக்கத்தால் சொல்கிற பொய்தான். ஆனால் எல்லோரும் சொல்லத் தொடங்கினால் பொய்யும் எல்லோருக்கும் விளங்கிவிடும். சீரியஸ் என்ற சொல்லை நான் வாசித்து முடிப்பதற்குள் வீட்டுப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு குளறத் தொடங்கிவிடுவார்கள். பிறகு யாரும் என்னை முழுதாக வாசிக்க விட்டதில்லை.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் மோசம் போனபோது வந்த தந்தியை நானே தொலைபேசியில் எடுத்து நானே எழுதினேன். ஃபாதர் சீரியஸ். அதைச் சொன்ன ஒப்பரேற்றர் சொல்லிவிட்டு லைனை வெட்டாமல், பக்கத்தில ஆரும் நிக்கினமோ அக்கா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கியது. பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். போனபோது முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது.

ஸ்டார்ட் இம்மீடியட்லி என்ற இரண்டு சொற்களுக்கே அந்த மரியாதை வந்துவிட்டது. ஒரு தரம் எங்கள் கடைக்காரர் ஒருவருக்கு அந்த இரண்டு சொல்லோடு மட்டும் ஒரு தந்தி வந்தது. குடும்பத்தோடு மாரடித்துக்கொண்டு பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் தங்கைக்குக் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் கதிரையில் இருந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர்கள் ஒப்பாரியோடு உள்ளே போயிருக்கிறார்கள். அந்தச் சம்பந்தம் குழம்பிப் போயிற்று என்று கேள்வி.

இவ்வளவு தெரிந்த பிறகு, மதர் சீரியஸ் என்றால் நான் வேறு எப்படி வாசிப்பேன்?

கிளாக்கர்

ராமையா எழுபத்தேழில் அடிபட்டு வந்த சனத்தோடு வந்தவர். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கலவரத்தில் வீடு எரிந்து, மனைவி பாக்கியத்தையும் மகன் மோகனையும் இழுத்துக்கொண்டு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து உருத்திரபுரத்துக்கு அப்பால் எங்கள் குடியேற்றத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக் காட்டை வெட்டிக் கச்சான் கடலையும் மிளகாயும் போட்டார். நாங்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயற்காணி எடுத்தவர்கள். அவர்கள் அந்தப் பக்கம்.

அந்த வாய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் எங்கள் வயலுக்குக் கூலிக்கு வருவார்கள். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போகமாட்டோம். யாரும் போகாதே என்று சொன்னதில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஓட்டத்திலும் ராமையா ஒரு தடித்த ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கண்டியில் நடைபாதைக் கடையில் வாங்கியது. ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியில் பிறந்து எந்த வழியாக வந்தது என்று போட்டிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு பானையைத் தூக்கியிருந்தால் வந்த அன்றைக்கே சோறாக்கியிருப்பேன் என்று பாக்கியம் என்னிடம் எத்தனையோ தரம் குறைப்பட்டிருக்கிறாள்.

கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிற சாட்டில் வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஏதாவதொரு சொல்லைப் பிளக்கத் தொடங்குவார். உங்கள் கந்தோர் ஒல்லாந்துச் சொல் மிஸ், நீங்கள் இருக்கிற கதிரை போர்த்துக்கேயம் மிஸ் என்பார். அப்படியானால் இந்தச் சம்பளத்துக்கு வேலை செய்கிற நான் மட்டும்தான் தமிழோ என்று நான் கேட்பேன். அவருக்குப் பின்னால் ஓய்வூதியக் கிழவர்கள் நின்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். மனிதருக்கு அதெல்லாம் உறைக்காது.

இம்மீடியட்லி

அந்தத் தந்தி வருவதற்குச் சில கிழமைகள் முன்னால் அவர் இம்மீடியட்லியைப் பிடித்துக்கொண்டார்.

தொடக்கி வைத்தது நான்தான். தந்திக்குச் சொல் கணக்கில் காசு. ஸ்டார்ட் என்றாலே புறப்படு என்று விளங்கும், பிறகு எதற்கு இந்தச் சனம் கையில் காசில்லாத நேரத்திலும் இம்மீடியட்லியை விடாமல் போடுகிறது என்று நான் புறுபுறுத்தேன். அடுத்த நாளே மனிதர் அகராதியைப் புரட்டிவிட்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ், லத்தீன்ல மெடியுஸ்னா நடு. முன்னால வர்ற இம், இல்லைங்கறதுக்கு. நடுவுல ஒண்ணும் இல்லாம, அதாங்க இம்மீடியட்லி" என்றார்.

மீடியம், மீடியேட்டர் எல்லாம் அதே நடுவிலிருந்து வந்தவைதானாம். சேதிக்கும் செயலுக்கும் நடுவில் ஒரு நூல்கூட இருக்கக்கூடாது என்றுதான் அந்தச் சொல்லைக் கட்டியிருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார். நம்முடைய உடனே வேறு மாதிரி. உடன் என்றால் கூட. சேதி வந்தால் அதன் கூடவே எழுந்து போகவேண்டும். அவன் நடுவைத் தள்ளிவிட்டான், நாம் கூட வருவதைப் பிடித்துக்கொண்டோம் என்று ரசித்து ரசித்துச் சொன்னார்.

நானும் விடவில்லை. "நடுவில ஒண்டும் இல்லாமல் போறதெண்டால் முறிகண்டிப் பிள்ளையார் விடுவாரோ? அவரைக் கும்பிடாமல் ஒரு பஸ்ஸும் போகாது" என்றேன். மனிதர் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். ஓய்வூதியக் கிழவர்களில் ஒருவர்கூடச் சிரித்துவிட்டார்.

அப்படிச் சிரித்த சொல்தான் நாலாவதாக அந்தத் தந்தியில் வந்தது.

கிணறு

ராமையாவின் தாயைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். பார்த்ததில்லை. மாணிக்கத்தின் கடிதத்தைக் கவுண்டரிலேயே உடைத்து வாசித்து, ஆத்தா என்ன சொல்லியிருக்கிறது என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போவது அவர் பழக்கம்.

கலவரத்தில் மகன் கூப்பிட்டபோது அவா வரமாட்டேன் என்றுவிட்டா. புருசனைப் புதைத்த மண் அது. அதோடு இன்னொன்றும் சொன்னாவாம். பிறந்ததிலிருந்து மலை ஊற்றுப் பீலித் தண்ணீருக்கு வரிசையில் குடத்தோடு நின்றே காலம் போய்விட்டது, இன்னொரு ஊரில் போய் இன்னொருவர் கிணற்றடியில் நிற்க என்னால் ஏலாது, உனக்கென்று ஒரு கிணறு வெட்டினால் சொல்லியனுப்பு, வருகிறேன் என்று.

ராமையா வெட்டினார். கல்லுக் கண்ட மேட்டு நிலத்தில், பாக்கியம் மண் இழுக்க, இரண்டு மூன்று கோடையாக வெட்டினார். அந்த வருடம்தான் தண்ணீர் கண்டது. சுற்றிக் கட்டு எழுப்பிக்கொண்டிருந்தார். கட்டி முடிந்ததும் தைப்பொங்கலுக்குப் போய் ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவது என்று திட்டம். என்னையும் பொங்கலுக்கு வரச்சொல்லியிருந்தார்.

கந்தோரில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிறவர் காய்ச்சலில் படுத்திருந்ததால், நான் கவுண்டரைச் சாத்திவிட்டுக் குடையையும் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்து போனேன். ராமையா மழை விட்ட நேரம் பார்த்துக் கிணற்றடியில் சீமெந்து பூசிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. தபாற்காரி குடையோடு ஓடி வந்தால் வேறு எதற்கு வருவாள்?

தாளை வாங்கி வாசித்தார். கிணற்றுக் கட்டில் மெல்ல இருந்தார்.

"ஆத்தா போயிருச்சு மிஸ்" என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் அதுதானே நிச்சயம். பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அவர் கணக்குப் போட்டார். தந்தி அடித்தது காலையில். தோட்டத்தில் பிரேதத்தை வைத்திருக்க மாட்டார்கள், நாளைக்கே எடுத்துவிடுவார்கள். வவுனியாவுக்குப் போய், கண்டிக்குப் போய், ஹட்டனுக்குப் போய், மலை ஏறிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இனி முகம் பார்க்க வழியில்லை. போனால் கருமாதிக்குத்தான் போகலாம். அதற்கு முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு, செய்யவேண்டிய முறையோடு போவது.

கேட்டுக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் புதுக் கிணற்றிலேயே தண்ணீர் அள்ளித் தலை முழுகினார். தாய்க்கென்று வெட்டிய கிணறு.

வாய்க்காலைக் கடந்தவர்கள்

பொழுதுபடுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துச் சனம் வாய்க்காலைக் கடந்தது. பெரிய வயற்காரர் செல்லத்துரை சால்வையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் மனைவி இரண்டு சட்டி நிறையச் சோறும் கறியும் கொடுத்துவிட்டிருந்தா. சாவு விழுந்த வீட்டில் உலை வைக்கக்கூடாது, அயல்தான் பார்க்கவேண்டும். கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும் போகாத வீட்டுக்குச் சாவென்றால் போயே ஆகவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் முறை. அந்த முறை இவர்களுக்கும் உண்டென்று அன்றைக்குத்தான் ஊர் ஒத்துக்கொண்டது.

ராமையா எல்லோருக்கும் பாய் விரித்தார். வந்தவர்கள் இருந்து, தாயின் வயசு என்ன, என்ன வருத்தம் என்று முறையாக விசாரித்தார்கள். தேத்தண்ணீர் வந்தது. செல்லத்துரை ஒரு கணம் அந்தக் கோப்பையைப் பார்த்தார். பிறகு எடுத்துக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் சனம் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. மழை விட்ட நேரங்களில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இத்தனை வருடமாக எட்டிப் பார்க்காத வீட்டின் முற்றத்தில் இருக்க இடமில்லை. அவர்கள் வர வர ராமையா ஆத்தாவின் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். துக்கத்துக்குள்ளும் அவர் முகத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. ஆத்தா செத்தும் எனக்கு ஒரு மரியாதை வாங்கித் தந்துவிட்டுப் போயிருக்கிறது என்று என்னிடம் ஒரு தரம் மெல்லச் சொன்னார்.

நாயாற்றுத் தண்ணீர்

தங்கை செல்லம்மா முல்லைத்தீவுக்கு அப்பால், நாயாற்றில் இருந்தாள். புருசனும் அவளும் அங்கே மீன்வாடியில் கருவாடு போடுகிற வேலை. அவளுக்கு நான்தான் தந்தி அனுப்பினேன். அதே சொற்கள். மதர் சீரியஸ், கம் இம்மீடியட்லி.

அவள் உடனே வந்திருப்பாள். ஆனால் அந்த மழைக்கு நாயாற்றுக் கடல்நீரேரி பெருகி வீதியை மூடிவிட்டது. பஸ் இல்லை. தண்ணீர் வடிந்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி முல்லைத்தீவுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து அவள் வந்து சேர நாட்கள் போய்விட்டன.

தங்கையை விட்டுவிட்டுப் போனால் என்ன என்று பாக்கியம் ஒரு தரம் கேட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவள், அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போய்த் தாய்க்குச் செய்வதா என்று ராமையா மறுத்துவிட்டார். செத்த வீட்டுக்குக் கூடப்பிறந்தவர்கள் கூடித்தான் போகவேண்டும் என்று வந்திருந்த பெரியவர்களும் சொன்னார்கள். போனவள் எங்கும் ஓடிவிடப் போவதில்லையே என்றார் ஒருவர். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

கடைசியில் எள்ளு, நெல்லு, புதுச்சேலை என்று கருமாதிக்கு வேண்டியதெல்லாம் கட்டிக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து பஸ் ஏறினார்கள். ஊரே வழியனுப்ப வந்தது. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தார்களா என்று நான் கேட்டதில்லை.

மலையில்

இதற்கு மேலே நடந்தது பாக்கியம் சொல்லி எனக்குத் தெரியும்.

தொழிற்சாலைக்குக் கீழேயுள்ள வளைவில் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே செல்லம்மா ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே ஓடி வந்து திகைத்துப்போய் நின்றார்களாம். இவர்களுக்கு யார் அதற்குள் சொன்னது என்று ஒருத்தி மற்றவளைக் கேட்டாளாம்.

ஆத்தா இறந்தது அதற்கு முந்தின நாள் பின்னேரம்தான்.

பிரேதம் உள்ளே கிடந்தது. கால் கட்டியிருந்தது. தந்தி அடித்த அன்றைக்கு உயிரோடு இருந்தா. அதற்குப் பிறகும் அத்தனை நாளும் உயிரோடு இருந்தா. கீழே வளைவில் பஸ் ஹோர்ன் கேட்கும்போதெல்லாம், பெரியவன் வந்துட்டானா பாரு என்று ஆளை அனுப்பினாவாம். கிணறு எவ்வளவு ஆழம் என்று மாணிக்கத்தைக் கேட்டாவாம்.

மாணிக்கம் அண்ணனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவருக்கு விளங்கவே இல்லை. அந்தத் தோட்டத்தில் சாவென்றால் பறையடித்து லயத்துக்கு லயம் ஆள் போய்ச் சொல்வார்கள். தந்தி பற்றி அவர்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லை, சீரியஸ் என்றால் சீரியஸ்தான்.

"உசுரோட இருக்கையில பாக்கத்தானே அண்ணே தந்தி அடிச்சேன்? செத்தப்புறம் தந்தி எதுக்கு?" என்று கேட்டாராம்.

ராமையாவும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்தான். கலவரத்துக்கு முன்னால் அந்தத் தந்தி வந்திருந்தால் அவரும் சீரியஸை சீரியஸ் என்றே வாசித்திருப்பார், கட்டின சாரத்தோடு ஓடியிருப்பார். எங்களோடு இருந்து எங்களைப் போல வாசிக்கப் பழகிவிட்டார். எங்களிடம் வந்து அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

கவுண்டர்

திரும்பி வந்து சில நாட்கள் கழித்துக் கந்தோருக்கு வந்தார். மொட்டைத் தலையில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் வந்தாங்களே மிஸ். அவ்வளவு பேரும் வந்து உக்காந்திருக்கையில நான் எப்படி எந்திரிச்சுப் போறது?" என்றார்.

யாருடைய பிழை என்று நான் நெடுநாள் தேடியிருக்கிறேன். தந்தி சரியாக வந்தது. சரியாகக் கொடுத்தேன். அயலவர்கள் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். தங்கைக்காகக் காத்திருந்ததும் பாசத்தில்தான். ஒருவர் செய்த கெடுதி என்றால் அவரை வாய் நிறையத் திட்டித் தீர்த்திருப்பேன், திட்டுவதில் நான் குறைந்தவள் இல்லை. ஆளே இல்லாமல் யாரைத் திட்டுவது?

ஊரில் வேறொரு சங்கடம். ஒரு சாவுக்கு இரண்டாம் தரம் துக்கம் விசாரிக்கப் போவதா இல்லையா என்று எங்கள் ஆட்கள் யோசித்தார்கள். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். உண்மையாகவே தாயை இழந்து வந்த மனிதரின் முற்றத்துக்கு வாய்க்காலைக் கடந்து யாரும் போகவில்லை. நான் போனேன். கிணற்றுக் கட்டு அரைவாசி பூசியபடி கிடந்தது.

அதற்குப் பிறகும் அவர் கடிதம் பார்க்க வருவார். முழங்கையை ஊன்றி நின்று கதைக்கமாட்டார். ஒரு நாள் நானாகவே ஒரு சொல்லைச் சொல்லி, இது எங்கிருந்து வந்ததாம் என்று கேட்டேன். பார்க்கவில்லை மிஸ் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். அந்த அறுவையைக் கேட்கமாட்டோமா என்று ஏங்கவும் ஒரு காலம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு சொல் மாற்றம்

பல வருடம் கழிந்தது. நாடு வேறாகிவிட்டது. எண்பதுகள் முடியப்போகிற நேரம், பாக்கியத்துக்கு நெஞ்சில் நீர் கட்டிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மோகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பாதைகளில் நாளுக்கொரு தடை. லைன் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செத்துக் கிடக்கும். அன்று வேலை செய்தது.

ராமையா வந்து தந்தித் தாள் கேட்டார். நின்றபடியே எழுதித் தந்தார். மதர் அலைவ் கம்.

தாய் உயிரோடு, வா. நான் இரண்டு தரம் வாசித்தேன். இப்படி யாரும் அடித்துப் பார்த்ததில்லை. சீரியஸ் என்று ஒன்றைப் போடாமல் விட்டால் மோகனுக்கு ஏன் வரச்சொல்கிறீர்கள் என்று விளங்காதே என்றேன்.

"சீரியஸ்னு போட்டா அவனுக்கு வேற மாதிரி வெளங்கும் மிஸ். அவன் இந்த ஊர்ல வளந்தவன்" என்றார்.

அப்படியென்றால் இம்மீடியட்லியாவது போடட்டுமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. வேண்டாம், நடுவில் எல்லாம்தான் இருக்கிறதே, அவன் தாண்டி வருகிறபோது வரட்டும், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்றார். கிளிநொச்சியில் ஒப்பரேற்றர், அலைவ்தானா அக்கா, சரியாப் பாத்தனீங்களோ என்று திருப்பிக் கேட்டார். ஓம், அதுதான், அப்படியே அனுப்புங்கோ என்றேன்.

அந்தக் கிழமை நான் இரண்டு மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாக்கியம் நிமிர்ந்து இருக்க மாட்டாமல் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். வீதியில் ஏதாவது வாகனம் வேகம் குறைத்தால் அவள் கண் வாசலுக்குப் போகும். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். பிறகு முகட்டைப் பார்ப்பாள். ராமையாவால் அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்க முடியவில்லை. விறாந்தையில் வாங்குப் பலகையில் போய் இருந்துகொள்வார்.

மோகன் வந்தான். எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றினார்களோ, சேர்ட்டெல்லாம் புழுதி. தாய் அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து, மகன் வந்துவிட்டான், உள்ளே வாங்கோ என்று ராமையாவைக் கூப்பிட்டேன்.

அவர் எழும்பவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தாயின் தந்தி வந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். அழுகையோடேயே சொன்னார்.

"எங்க ஆத்தாளும் இப்படித்தான் மிஸ் வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கும். நான் இங்க அதுக்குத் தலை முழுகிட்டு, வந்தவங்களுக்குப் பாய் விரிச்சுக்கிட்டு இருந்தேன்."